காலுக்கு லீவு கொடுக்கலாம், உடம்புக்குக் கொடுக்காதீர்கள்



கடந்த இரண்டு மாதத்தில் உங்களில் ஏழெட்டுப் பேர் போனில் என்னிடம் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். "டீச்சர், சுகர் பார்டர்ல இருக்கு, தினமும் நடங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. காலைல கட்டில்ல இருந்து எறங்கிக் காலத் தரையில வச்சா குதிகால்ல ஆணி எறங்குன மாதிரி இருக்கு. நான் எங்கிட்டு நடக்குறது?" ஆளுக்கு ஆள் வார்த்தை கொஞ்சம் மாறும், சங்கதி ஒன்றுதான். உங்களை அரை டிராயரிலும் பாவாடை சட்டையிலும் பார்த்த கண்ணுக்கு, நீங்கள் 45, 48 வயதில் குதிகால் வலி என்று சொல்வது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் வேடிக்கை இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். கடைசி பெஞ்சு ஆட்களும் முழுசாகப் படிக்க வேண்டும்.

நம் ஊரில் உடற்பயிற்சி என்றால் ஒரே பொருள்தான்: வாக்கிங். விடியற்காலை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிப் பாருங்கள், ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் பாருங்கள், கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் டாக்டர் சீட்டில் கடைசி வரியும் வாக்கிங், அக்கம்பக்கத்தார் அறிவுரையும் வாக்கிங், வாட்ஸ்அப்பில் வருவதும் வாக்கிங் என்று ஆகிவிட்டதால், நடக்க முடியாதவர் என்ன முடிவுக்கு வருகிறார்? "எனக்கு வாக்கிங் முடியாது, அதனால் எனக்கு உடற்பயிற்சி கிடையாது." இந்தச் சமன்பாடுதான் தப்பு. குதிகால் வலியைவிட இந்தச் சமன்பாடு அதிகம் பேரைப் படுக்க வைக்கிறது என்பது என் கருத்து.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியை. ஆனால் 34 வருடம் சிமென்ட் தரையில் நின்று பாடம் நடத்திய கால் என்னுடையது. 54ஆவது வயதில் வலது குதிகாலில் வலி வந்தது. எலும்பு டாக்டரையும் பார்த்தேன், பிசியோதெரபிஸ்டிடமும் போனேன், கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததையும் பட்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் இதைக் குதிவாதம் என்பார்கள். டாக்டர்கள் சொல்லும் பெயர் பிளான்டார் ஃபாசியைடிஸ். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரைக்கும் உள்ளங்காலில் ஒரு கெட்டியான பட்டை ஓடுகிறது. வில்லுக்கு நாண் எப்படியோ, பாதத்தின் வளைவுக்கு அது அப்படி. வருடக்கணக்கில் நின்று நின்று, உடம்பு எடை கூடிக் கூடி, கெண்டைக்கால் தசை இறுகி இறுகி, அந்தப் பட்டை எலும்பில் ஒட்டும் இடம் நைந்துபோகிறது. இரவு தூங்கும்போது பட்டை சுருங்கிக் கிடக்கும். காலையில் முதல் அடி வைத்ததும் திடீரென இழுபடும். அதனால்தான் முதல் பத்து அடி உயிர் போகிறது, கொஞ்சம் நடந்ததும் குறைகிறது, நாள் முழுக்க நின்றால் சாயங்காலம் மறுபடி வருகிறது. 40 முதல் 60 வயதுக்குள் இது அதிகம். உங்களில் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் சொன்னதில் மர்மம் ஒன்றும் இல்லை, வயது அப்படி.

எக்ஸ்ரே எடுத்து "எலும்பு வளர்ந்திருக்கு" என்று சொன்னவுடன் பயந்துபோய் எனக்குப் படம் அனுப்புகிறீர்கள். அந்த முள் போன்ற வளர்ச்சி வலியே இல்லாத நிறையப் பேருக்கும் இருக்கிறது. அதை வெட்டி எடுத்தால்தான் விமோசனம் என்று நினைத்துக் கலங்க வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே ஒரு வருடத்துக்குள் இந்த வலி அடங்கிவிடுகிறது. ஊசி போட்டால் சீக்கிரம் கேட்கும், ஆனால் அந்தச் சுகம் கொஞ்ச நாளைக்குத்தான். திரும்பத் திரும்பப் போட்டால் அந்தப் பட்டையே பலவீனப்பட்டு அறுந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது.

இப்போது "ஒரு வருடத்தில் தானே சரியாகும்" என்பதைக் கேட்டு, சரி, அதுவரை உட்கார்ந்துகொள்வோம் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் சின்னம்மா கதையைச் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், "எழுதுடி, நாலு பேருக்கு உபயோகப்பட்டாச் சரி" என்றார். சின்னம்மாவுக்கு 61 வயதில் குதிகால் வலி வந்தது. அதுவரை கோயில், கடைத்தெரு, மார்க்கெட் என்று சுற்றி வந்த ஆள். வலி வந்ததும் எல்லாரும் அன்பாகச் சொன்னோம், நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்கிறோம் என்று. அவரும் டிவி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு மாதத்தில் குதிகால் வலி போயே போய்விட்டது. ஆனால் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. எடை 9 கிலோ கூடியிருந்தது. தொடைத் தசை வற்றி, தரையில் உட்கார்ந்தால் இருவர் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. பிறகு முழங்கால், பிறகு சுகர், பிறகு குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டு. இன்றைக்கு அவருக்கு 72 வயது. குதிகால் வலிக்கவே இல்லை. தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போக ஆட்டோ வேண்டும்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 45 வயதில் இருக்கும் உங்களுக்கு இது நடக்கக் கூடாது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல், அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். "பார்டர்ல இருக்கு" என்று சொல்லும் நீங்கள் அந்த 13 கோடியில் ஒருவர். வாசலில் நிற்பவருக்கு வெளியே வரவும் வழி இருக்கிறது. உடம்பை அசைப்பது அந்த வழிகளில் முக்கியமானது. அந்த நேரம் பார்த்துக் கால் மக்கர் பண்ணுகிறது, அதுதான் சிக்கல்.

நைந்துபோன அந்தப் பட்டைக்கு ஓய்வு வேண்டும். அதாவது தரையில் குதிகால் திரும்பத் திரும்ப மோதுவதிலிருந்து ஓய்வு. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தொடைக்கும் முதுகுக்கும் எதற்கு லீவு? ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வகுப்புக்கே விடுமுறை விடுவோமா?

எனக்குக் கை கொடுத்தது சைக்கிள். குதிகால் தரையில் மோதாது, மூச்சு வாங்கும், வேர்க்கும், தொடை வேலை செய்யும். சீட்டைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். விரல் நுனியால் எம்பி மிதிக்காமல் நடுப்பாதத்தைப் பெடலில் வைத்து மிதியுங்கள். முதல் வாரம் தெருவுக்குள்ளேயே 10 நிமிடம் போதும். புதுசு வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. பிளஸ் ஒன் படிக்கும்போது பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் எத்தனை வீட்டில் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடக்கிறது! டயர், டியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டால் வண்டி தயார். நான் 55 வயதில் சேலையோடு சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்குப் போனபோது "என்ன டீச்சர், ஸ்கூட்டிய வித்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனேன். பத்து நாளில் கேள்வி நின்றுவிட்டது.

சைக்கிள் பழக்கம் இல்லாதவர்கள், போக்குவரத்துக்குப் பயப்படுகிறவர்கள் வீட்டிலேயே செய்ய நிறைய இருக்கிறது. கை வைக்காத மர நாற்காலியில் உட்கார்ந்து, கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, எழுந்து நின்று மறுபடி உட்காருங்கள். 10 தடவை. சுலபம் என்று நினைத்தால் செய்துவிட்டு எனக்குப் போன் போடுங்கள். சுவரில் கையை ஊன்றித் தண்டால் எடுப்பது போல உடம்பைத் தள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கி இறக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாட்டைப் போட்டுக்கொண்டு கையையும் முழங்காலையும் வேகமாகத் தூக்கித் தூக்கி இறக்கினால் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். நீச்சல் தெரிந்தவர்கள் பாக்கியவான்கள், குதிகாலுக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் நம் ஊர்ப் பெண்களுக்கு அது எட்டாத கனி. கிணறுகள் தூர்ந்துவிட்டன. நீச்சல் குளத்தில் பெண்களுக்கு ஒதுக்கும் நேரமோ பெண்கள் அடுப்படியில் நிற்கும் நேரமாகப் பார்த்து இருக்கிறது.

எவ்வளவு செய்ய வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி. 65 தாண்டிய என்னைப் போன்றவர்களுக்கு விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சியும் வாரம் 3 நாள். 150ஐ 7ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 22 நிமிடம்கூட வரவில்லை. முன்பெல்லாம் ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றார்கள். அந்த நிபந்தனையையும் இப்போது எடுத்துவிட்டார்கள். ஐந்து ஐந்து நிமிடமாகச் செய்தாலும் கணக்கில் வரும். அந்த அறிக்கையில் "நடக்க வேண்டும்" என்ற கட்டாயம் எங்கேயும் இல்லை. மூச்சு வாங்க வேண்டும், அவ்வளவுதான். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு உழைப்பைத்தான் மிதமான உழைப்பு என்கிறார்கள்.

அப்புறம் அந்தப் பத்தாயிரம் அடிக் கணக்கு. கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு இரவு பத்து மணிக்கு மொட்டைமாடியில் நொண்டி நொண்டி மீதி இரண்டாயிரத்தை முடிக்கிற ஆட்கள் நம் சொந்தத்திலேயே உண்டு, பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு 1965இல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் மான்போ-கெய், பத்தாயிரம் அடி மானி என்று பொருள். அந்த வியாபாரப் பெயர்தான் இன்றைக்கு வேதவாக்காகிவிட்டது. அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள சுமார் 16,700 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வந்தது. அதில் நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500க்கு மேல் போனவர்களுக்குக் கூடுதல் ஆதாயம் தெரியவில்லை. ஆகவே வலிக்கிற காலை வைத்துக்கொண்டு பத்தாயிரத்தைத் துரத்த வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இனி, காலுக்கு லீவு என்றால் அது சும்மா கிடக்கும் லீவு இல்லை, வீட்டுப்பாடம் உண்டு. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன், வலிக்கிற காலை மற்ற தொடைமேல் போட்டு, கையால் ஐந்து விரலையும் பிடித்து முழங்கால் பக்கமாக வளையுங்கள். உள்ளங்கால் பட்டை விறைப்பது மறு கைக்குத் தெரியும். 10 எண்ணும் வரை பிடித்து விடுங்கள், 10 தடவை. இப்படி ஒரு நாளைக்கு 3 வேளை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்திக் கெண்டைக்காலை இழுத்து விடுவதும் முக்கியம்.

இரண்டு மூன்று வாரம் போய் வலி கொஞ்சம் தணிந்ததும் அடுத்த பாடம். டென்மார்க்கில் ஆராய்ந்து 2014இல் எழுதியிருக்கிறார்கள். மாடிப்படியில் நின்று, சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, 3 எண்ணும் வரை மெதுவாக எம்பி, 2 எண்ணும் வரை நின்று, 3 எண்ணும் வரை மெதுவாக இறங்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள். வெறும் இழுப்புப் பயிற்சி செய்தவர்களைவிட இதைச் செய்தவர்கள் மூன்று மாதத்தில் முன்னேறியிருந்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டன. அதனால் இதைச் செய்யாவிட்டால் குடி முழுகாது. ஆனால் சீக்கிரம் திரும்பி வர ஆசைப்படுகிறவர்கள் செய்யலாம். எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு: வலிக்கிற காலைப் பொத்திப் பொத்தி வைக்காமல் அதற்கும் வேலை கொடுக்கிறார்கள்.

இப்போது சண்டை வரும் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குள் செருப்பு.

நம் வீடுகளில் செருப்பு வாசலோடு சரி. அடுப்படிக்குள் செருப்புப் போட்டு நின்றால் மாமியார் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், இப்போது நானே மாமியார். ஆனால் யோசியுங்கள். நம் பாட்டிமார் சாணி மெழுகிய மண்தரையில் வெறுங்காலோடு நின்றார்கள். இன்றைக்கு நம் அடுப்படி கிரானைட்டும் டைல்ஸும். காலை ஐந்தரைக்கு எழுந்து, முதல் அடி வலியோடு, அந்தக் கல்தரையில் இரண்டு மணி நேரம் வெறுங்காலில் நிற்கிறாள் ஒரு பெண். பிறகு வேலைக்குப் போகிறாள், சாயங்காலம் வந்து மறுபடி நிற்கிறாள். அவளிடம் போய் "நீ தினமும் அரை மணி நேரம் நட, வலி போயிரும்" என்பது என்ன நியாயம்? முதலில் அவள் காலுக்கடியில் மெத்தென்று ஏதாவது போடுங்கள். வெளியில் போடாத, வீட்டுக்கு மட்டுமான, கழுவி வைத்த ஒரு ஜோடிச் செருப்பு. பூஜை அறை வாசலில் கழற்றிவிட்டுப் போகட்டும், யார் வேண்டாம் என்றது? எங்கள் வீட்டில் இதற்கு முதல் எதிர்ப்பு என் கணவரிடமிருந்துதான் வந்தது. பிறகு அவருக்குக் குதிகால் வலி வந்தது. இப்போது அவருடைய வீட்டுச் செருப்புதான் முதலில் தேய்கிறது.

மெலிந்த ஹவாய்ச் செருப்பு குதிகால் வலிக்கு உதவாது. ஷூவோ செருப்போ வாங்கும்போது நடுவில் மடக்கிப் பாருங்கள், தோசை மாதிரி மடங்கினால் வேண்டாம். விரல் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். குதிகால் பக்கம் கொஞ்சம் உயரமும் மெத்தையும் இருக்கட்டும். சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும்போது போய் வாங்குங்கள். சேலைக்கு ஷூ போட்டால் சிரிப்பார்கள் என்று ஒரு மாணவி சொன்னாள். சிரிக்கட்டும். அவர்களுக்கும் 45 வயது வரும்.

கிரிவலம், பாதயாத்திரை பற்றியும் கேட்டீர்கள். திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வெறுங்காலில், தார்ச் சாலையில், குதிகால் வலியோடு வேண்டாம். பக்தி உங்களுக்கும் சாமிக்கும் இடையில் உள்ளது, நான் குறுக்கே வரவில்லை. கால் சரியாகி அடுத்த வருடம் போங்கள். அதற்குள் மலை எங்கேயும் போய்விடாது.

செருப்பு என்றதும் ஒரு மனிதரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாக்டர் பால் பிராண்டு. 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். தொழுநோயில் விரலும் பாதமும் அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, காரணம் வலி தெரியாமல் போவதுதான் என்று கண்டுகொண்டவர். முள் குத்தினாலும் சுட்டாலும் தெரியாததால் நடந்து நடந்தே பாதத்தை அழித்துக்கொள்கிறார்கள் என்று அவர் புரிந்துகொண்டார். அந்தப் பாதங்களுக்காக வேலூரில் உருவானதுதான் மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு. சர்க்கரை நோயாளிகளுக்கு இன்றைக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்தது. அவரே ஒருமுறை நீண்ட பயணத்துக்குப் பிறகு காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்வே இல்லை. ஊசியால் குத்தியும் வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தினார், சுரீர் என்று வலித்தது. அந்த வலிக்காக அவர் சந்தோஷப்பட்டார். ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்து வந்ததில் நரம்பு மரத்திருக்கிறது, அவ்வளவுதான்.

குதிகால் வலிக்கிறது என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு ஒரு விதத்தில் நிம்மதி, உணர்வு இருக்கிறது என்று. சர்க்கரை உள்ளவர்களில் சிலருக்குப் பாதம் மரத்துப்போய்விடும், அவர்களுக்கு வலி வராது, புண்தான் வரும். இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள், வீட்டில் ஒருவர் உங்கள் கால் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக மெதுவாகத் தொடட்டும், அழுத்தக் கூடாது. தொட்டது தெரியாவிட்டால் முதலில் டாக்டர், பிறகுதான் சைக்கிளும் மற்றதும். அப்படிப்பட்டவர்கள் வெறுங்காலில் மொட்டைமாடிக்குக்கூடப் போகக் கூடாது.

உங்களில் சிலர் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறீர்கள். உங்கள் வலிக்கு மேலே சொன்னது எதுவும் முழு மருந்து ஆகாது, ஏனென்றால் பத்து மணி நேரம் நிற்க வைக்கிறார்கள். கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி 2018இல் உட்காரும் உரிமையைப் பெற்றார்கள். தமிழ்நாட்டிலும் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று ஆக்கிவிட்டார்கள். சட்டம் இருந்தும் ஸ்டூலைக் காணோம் என்று ஒருத்தி சொன்னாள். நம் மாணவர்களில் கடை வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போடுங்கள் தம்பி. வாடிக்கையாளர் வந்தால் எழுந்து நிற்கத்தான் போகிறார்கள். நாள் முழுக்க நின்று வீட்டுக்குப் போகும் பெண், அதற்குப் பிறகு உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று நாம் வாய் கூசாமல் சொல்ல முடியாது.

மறுபடி நடக்க ஆரம்பிப்பது எப்போது? எனக்கு நான்காவது மாதம் முடிந்தது. பிசியோதெரபிஸ்ட் சொன்ன அளவுகோல் எளிமையானது. நடக்கும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை முதல் அடியைப் பாருங்கள். நேற்றைவிட வலி கூடவில்லை என்றால் நேற்று நடந்தது சரியான அளவு. கூடியிருந்தால் பாதியாகக் குறையுங்கள். நிறுத்த வேண்டாம். நான் 5 நிமிடத்தில் ஆரம்பித்தேன், வாரத்துக்கு 2 நிமிடம் கூட்டினேன். மூன்றாவது வாரம் ஒரு கல்யாணத்தில் நின்றதில் வலி திரும்பியது. அந்த வாரம் சைக்கிளோடு நிறுத்திக்கொண்டு அடுத்த வாரம் மறுபடி 5 நிமிடம். தேர்வில் ஒரு பாடம் போனால் படிப்பையே விடுகிறோமா என்ன. இப்போது சைக்கிள் பாதி, நடை பாதி என்று போகிறது.

2023இல் அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது. வரவேற்கிறேன். அந்தப் பாதையில் பாதியில் உட்கார்ந்துகொள்ள இடமும், நடக்க முடியாதவர்கள் நாற்காலியில் செய்யும் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்க வாரம் ஒருநாள் ஒரு பிசியோதெரபிஸ்டும் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். மக்களைத் தேடி மருத்துவத்தில் ஏற்கெனவே வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட் உண்டு. பெரியவர்கள் படுத்துவிட்ட பிறகு வருவதைவிட, 45 வயதில் நொண்ட ஆரம்பிக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிட்டால் செலவும் குறைவு, கண்ணீரும் குறைவு.

கடைசியாக, எல்லாக் கால் வலியும் குதிவாதம் இல்லை. பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கினால் அது வேறு. ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், காய்ச்சல் இருந்தால், விழுந்து அடிபட்ட பிறகு கால் ஊன்ற முடியாவிட்டால், இரண்டு குதிகாலும் வலித்து இடுப்பும் காலையில் விறைத்தால், நான் எழுதியதை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எனக்குப் போன் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

மற்றவர்கள் போன் போடலாம். போடும்போது மூன்று விஷயத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: வலி எந்த இடம், எந்த நேரம், நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் 2 மதிப்பெண்ணுக்கு என்னோடு வாதாடியவர்கள் இதிலும் கூட்டிச் சொல்வீர்கள் என்று தெரியும், அதனால் வீட்டில் ஒருவரை எண்ணச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்